பதினேழாம் எண்ணுக்கு எத்தனை நிமிடம்?

சிட்னி விமான நிலையத்தில் என் மகன் கதிர் சிரித்துக்கொண்டே ஓடி வந்தபோது நான் முதலில் பார்த்தது அவனுடைய பல்லை. மேல்வரிசையில் ஒரு முன்பல் மட்டும் மற்றவற்றைவிடக் கூடுதல் வெள்ளையாக இருந்தது. முப்பது வருடம் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவள் நான். எந்தப் பிள்ளை எங்கே விழுந்து எதை உடைத்துக்கொண்டு வந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அந்த வேலையில் பாதி.

"பல்லு என்னல ஆச்சு?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டேம்மா. ரெண்டு வருஷம் ஆச்சு. நீங்க பயப்படுவீங்கன்னு போன்ல சொல்லல."

பாத்ரூமில் வழுக்கினால் முழங்கை பெயரும், இடுப்பு பிடிக்கும். ஒற்றைப் பல் மட்டும் கழன்று வருவதை நான் கண்டதில்லை. ஆனாலும் வந்து இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லையே என்று விட்டுவிட்டேன். தவிர, அதற்குச் சற்று முன்புதான் சுங்க அதிகாரி ஒருவர் என் கடலை மிட்டாய்ப் பொட்டலங்கள் ஐந்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இதில் விதை இருக்கிறதா, முளைக்குமா என்று விசாரித்திருந்தார். வெல்லப்பாகில் மாட்டிய கடலை எங்கே முளைக்கப் போகிறது? அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை.

எனக்கும் அவனிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. பதினைந்து வருடமாகச் சொல்லாதது. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் தூங்கிய பிறகு அதை வாய்க்குள் பல தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் கோவில்பட்டியில் ஹாக்கி மட்டை இல்லாத வீடு குறைவு. கதிர் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது பள்ளிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டத்தில் வர வேண்டிய நடுவர் ஒருவர் வரவில்லை. விசில் என் கழுத்துக்கு வந்தது. கடைசிக் கால்மணி நேரத்தில் எதிரணிப் பையன் ஒருவனின் கணுக்காலில் பின்னாலிருந்து ஓர் அடி விழுந்தது. அடித்தது கதிரின் அணியில் ஒன்பதாம் எண் பையன். கதிர் பக்கத்தில் நின்றான், அவ்வளவுதான். நான் நாலடி தூரத்தில் நின்று பார்த்தேன். ஆனால் வேலிக்கு வெளியே நின்றவர்கள், "டீச்சர் மவன்தான் அடிச்சான்! அட்டை குடுக்காங்களான்னு பாப்போம்!" என்று கத்தத் தொடங்கிவிட்டார்கள். பெற்ற பிள்ளைக்காக விசில் ஊதினாள் என்று பேர் வந்துவிடுமே என்று பயந்து, மஞ்சள் அட்டையை எடுத்துக் கதிரின் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

மஞ்சள் அட்டைக்கு ஐந்து நிமிடம் வெளியே உட்கார வேண்டும். ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தான். அந்த ஐந்து நிமிடத்தில் கோல் விழுந்து தோற்றார்கள். பிறகு அவன் மட்டையைத் தொடவே இல்லை. "அம்மாவுக்கு அங்கிருந்து சரியா தெரிஞ்சிருக்காது" என்று அவன் அப்பாவிடம் சொன்னானாம். எனக்கு நன்றாகத் தெரிந்தது என்பதை நான் அவன் அப்பாவிடமும் சொல்லவில்லை. அவர் போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது.

கதிரின் வீடு குவேக்கர்ஸ் ஹில்லில். காலை ஆறு மணிக்கு நடக்கப் போனால் தெருவில் மனிதர்கள் இருப்பதில்லை. நாய்களும், அவை இழுத்துச் செல்லும் சிலரும்தான். ஜூன் மாதக் குளிருக்கு நாய்கள் கோட்டு போட்டிருக்கின்றன. எதிரே வருகிறவர்கள் எல்லோரும் "மார்னிங்" என்கிறார்கள். எங்கள் ஊரில் முன்பின் தெரியாதவர் காலை ஆறு மணிக்குச் சிரித்தால் பையைச் சற்று இறுக்கிப் பிடித்துக்கொள்வோம். மூன்றாம் நாள் நானும் பழகி, ஒரு நாய்க்கே "மார்னிங்" சொல்லிவிட்டேன்.

மருமகள் தர்சினி யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். பிறந்து வளர்ந்தது சிட்னி. அவள் என்னை இந்தியக் கடைகள் நிறைந்த ஹரிஸ் பார்க்குக்குக் கூட்டிப்போய், எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு ஜிலேபி வாங்கித் தந்தாள். குளிரில் கையுறையைக் கழற்றாமல் ஜிலேபி தின்ன முடியுமா என்று நான் முயன்று பார்த்ததில் கையுறை வீணாயிற்று. அங்கேதான் அவள் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை மெல்பர்னில் கதிருக்கு ஐஸ் ஹாக்கி ஆட்டம் இருக்கிறது என்று.

அவன் பனியில் விளையாடுகிறான் என்பது எனக்குத் தெரியும். தர்சினியின் அப்பா சிவம் ஒரு பனித்திடலின் கேன்டீனில் இருபது வருடம் சிப்ஸ் பொரித்தவர். காதலித்த காலத்தில் மாமனாரைக் குளிர்விக்கப் போன கதிர், அங்கேயே மட்டை பிடித்துவிட்டான். போனில் கேட்டபோது, "சும்மா வழுக்கிட்டே போறதும்மா, டான்ஸ் மாதிரி" என்று சொல்லியிருந்தான்.

"நானும் வாறன்" என்று தர்சினியின் தமிழிலேயே சொல்லிவிட்டேன். கதிர் முகம் மாறியது. "பத்து மணி நேரம் கார்ல உக்காரணும்மா. உங்களுக்கு முட்டி வலி." முட்டி என்னுடையது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

கதிர் அணியோடு விமானத்தில் போய்விட்டான். அவனுடைய பிரம்மாண்டமான விளையாட்டுப் பை மட்டும் எங்களோடு வேனில் வந்தது. அந்தப் பையின் வாடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் பூட்டிய விளையாட்டுச் சாமான் அறையைத் திறந்து பழகிய மூக்கு என்னுடையது. அதுவே கொஞ்சம் தடுமாறியது.

வேனை ஓட்டியது தர்சினி. முன்னால் சம்பந்தி சிவம். நடுவில் நானும் சிவத்தின் நண்பர் ஞானமும். ஞானம் முதியோர் இல்லமொன்றில் நர்ஸ். நாள் முழுக்க மெதுவாகப் பேசுகிற வேலை என்பதாலோ என்னவோ, வெளியே வந்தால் குரலை அடக்குவதில்லை. ஏறியதும் மடியில் ஒரு பழைய பால்பவுடர் டின்னை வைத்துக்கொண்டார். அதன் மூடியில் உண்டியல் மாதிரி ஒரு வெட்டு.

"இது எங்கட சட்டசபை, ரீச்சர்" என்றார். "மட்ச் துவங்க முன்னம் ஆளாளுக்கு ஒரு துண்டில எழுதிப் போடோணும். எங்கட பக்கத்தில முதல் எந்த நம்பர் பெட்டிக்குள்ள போகும், என்ன குற்றம், எந்தப் பகுதியில. சரியாச் சொன்னவருக்குத் திரும்பி வரேக்க முன் சீட். எல்லாரிலயும் பிழையாச் சொன்ன ஆள் பின்னால, பையோட."

ஐஸ் ஹாக்கி மூன்று பகுதிகளாக நடக்கிற ஆட்டம். தவறு செய்தவரைக் கண்ணாடிக் கூண்டு ஒன்றுக்குள் உட்கார வைக்கிறார்கள். அதைத்தான் பெட்டி என்கிறார்கள். காலைத் தட்டிவிட்டால் இரண்டு நிமிடம், ஆளைப் பிடித்து நிறுத்தினால் இரண்டு நிமிடம். அதற்கு ஹோல்டிங் என்று பேர். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குத்துச்சண்டை போட்டால் ஐந்து நிமிடம்.

"சண்டைக்கு வெறும் அஞ்சு நிமிஷமா? எங்க ஊர்ல போலீஸ் வந்துரும்" என்றேன்.

"இங்கயும் ஒருக்கா வந்தது" என்றார் ஞானம்.

முன்னால் சிவம் இருமினார். சாதாரண இருமல் இல்லை என்று எனக்கே தெரிந்தது. ஞானத்துக்குத் தெரியவில்லை.

"மெல்பர்னில, இதே திடலில. ரெண்டு வருசத்துக்கு முந்தி நடந்த அடிபாடு. பத்துப் பேர், ரீச்சர், பத்துப் பேர் பனியில உருண்டவை. கோல் காக்கிற கோலி ரெண்டு பேரும் நடுவில வந்து கட்டிப் புரண்டவை. பனி முழுக்கக் கையுறை. நான் எண்ணினனான், பதினெட்டு."

"பதினாலு" என்றார் சிவம், திரும்பாமல்.

"பதினெட்டு! துவக்கி வைச்சது எங்கட பதினேழு. முதல் கையுறை விழுந்தது. பிறகு ஹெல்மெட் விழுந்தது. பிறகு பல்லு."

 தர்சினி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். பின்னால் இருந்த பையை நான் திரும்பிப் பார்த்தேன். அதன் மேல் கொட்டை எழுத்தில் 17 என்று தைத்திருந்தது.

"அது எந்தப் பாத்ரூம்ல நடந்தது?" என்றேன்.

ஞானம் டின்னைப் பார்த்துக் குனிந்துகொண்டார். "எனக்கு வாய் கூடிப்போச்சு" என்று அவராகவே சொன்னார்.

சிவம் இருக்கையில் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார். "ரீச்சர், பிழையா நினைக்காதேங்கோ. மருமகன் நல்ல பொறுமையான பெடியன். அடிச்சாலும் வாங்கிப்போட்டு போவான். ஆனா செய்யாததுக்குப் பெட்டிக்குள்ள போ எண்டு சொன்னா மட்டும் அவனுக்கு விசர் பிடிச்சிடும். அண்டைக்கு வேற ஆள் செய்த பிழை. ரெஃப்ரி இவனைப் போகச் சொன்னவர். இவன் போகேல்ல. ஏன் எண்டு எனக்கு இண்டு வரைக்கும் விளங்கேல்ல."

எனக்கு விளங்கியது.  ஞானம் நீட்டிய மட்டன் ரோல்ஸை வேண்டாம் என்று சொன்னேன். வாழ்க்கையில் நான் மறுத்த முதல் ரோல்ஸ் அதுதான்.

பாதி வழியில் வேனின் ஹீட்டர் பொத்தான் கையோடு கழன்று வந்துவிட்டது, உச்சபட்ச சூட்டில். வெளியே மூச்சு புகையாகிற குளிர், உள்ளே பங்குனி வெயில். ஜன்னலைத் திறந்தால் காது விறைக்கிறது, மூடினால் வேர்த்துக் கொட்டுகிறது. ஒரு பெட்ரோல் பங்கில் இருந்த ஆள் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல வேளை, இது ஜனவரிக் கோடையில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மேல் அவரிடம் வைத்தியம் இல்லை. கோட்டுகளையெல்லாம் கழற்றிப் பையின் மேல் போட்டோம். அதனால் வாடையாவது சற்று மட்டுப்பட்டது.

அன்று ஸ்பிரிங்வேலில் தங்கல். ஞானத்தின் உறவினர் வீடு. வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை, சாவி பூந்தொட்டிக்கு அடியில். காலையில் கடைத்தெருவில் நடந்தால் ஆஸ்திரேலியாவில்தான் இருக்கிறோமா என்று சந்தேகம் வந்தது. கீரைக்கட்டு, உயிரோடு நண்டு, பேரம் பேசும் பெண்கள். கோவில்பட்டி சந்தையில் வியட்நாம் மொழி பேசினால் இப்படித்தான் இருக்கும். ரொட்டிக்கடையில் நீளமான ரொட்டியைக் கீறி, இறைச்சியும் ஊறுகாய்க் காரட்டும் கொத்தமல்லித்தழையும் திணித்துக் கொடுத்த அம்மாள், "மிளகாய்?" என்று சைகையில் கேட்டார். நான் போடச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டே இருந்தேன். ஐந்தாவது மிளகாயில் அவர் நிறுத்திக்கொண்டு, தர்சினியிடம் ஏதோ கேட்டார். "உங்கட அம்மாவுக்கு ஒண்டும் ஆகாதோ எண்டு கேக்கிறா, மாமி" என்றாள் தர்சினி.

முழு ரொட்டியையும் தின்றேன். தெம்பு வேண்டியிருந்தது. இன்றைக்கு எப்படியும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

திடல் வாசலில் டின் சுற்றி வந்தது. ஞானம் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். சிவம், "சம்பந்தி நீங்கள் இருக்கேக்க நான் பதினேழு எழுதுவனே? நான் எட்டுதான்" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். நான் என் துண்டில் எழுதி, நாலாக மடித்துப் போட்டேன்.

உள்ளே போனதும் எல்லோரும் கோட்டைத் தேடினார்கள். ஹீட்டர் வேனில் வெந்து வந்த எனக்கு அந்தக் குளிர் சுகமாகவே இருந்தது. ஆட்டம் தொடங்கியது. டான்ஸாம்! ஆட்கள் பலகைச் சுவரில் மோதும் சத்தம், பேருந்து நிலையத்தில் மூட்டை இறக்குகிற சத்தம். கதிர் எங்கே என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. இடது தோளைச் சற்றுத் தாழ்த்தி ஓடுகிற அதே ஓட்டம். பதினைந்து வருடம் கழித்து அதைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. குளிர் என்று தர்சினியிடம் சொன்னேன்.

எங்களைச் சுற்றி இருந்த வெள்ளைக்காரர்களும் இதே வேலையாகத்தான் இருந்தார்கள். முன் வரிசையில் ஒருவர் தன் மனைவியிடம், "பதினேழு இன்னும் பத்து நிமிடம் தாங்கினால் நான் பாத்திரம் கழுவுகிறேன்" என்றார். அந்த அம்மாள், "போன தடவையும் இதைத்தான் சொன்னாய்" என்றார். "அந்தச் சண்டையை மறக்க முடியுமா?" என்று இன்னொருவர் ஆரம்பித்தார். அவர் கணக்கில் கையுறை இருபது. பதினேழு தாங்கினான். இரண்டு பகுதிகள் முடிந்தன. எங்கள் பக்கத்திலிருந்து யாருமே பெட்டிக்குள் போகவில்லை. ஞானம் நகம் கடித்தார்.

மூன்றாம் பகுதியில், எங்கள் அணி ஒரு கோல் முன்னால் இருந்தபோது அது நடந்தது. எதிரணி ஆள் ஒருவர் பந்தயக் குதிரை மாதிரி வந்துகொண்டிருந்தார். எங்கள் பன்னிரண்டாம் எண் ஆள் மட்டையை நீட்டிக் காலைத் தட்டிவிட்டான். கதிர் பக்கத்தில் நின்றான். நடுவர் விசில் ஊதி, கையை உயர்த்தி, பதினேழைக் காட்டினார்.

மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. எல்லோருக்கும் அந்தப் பழைய சண்டைதான் ஞாபகம். கதிர் நடுவருக்கு நேரே நின்றான். எனக்கு எப்படி அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை. காலை அணிவகுப்பில் எண்ணூறு பிள்ளைகளை நிறுத்தி வைத்த குரல் அது.

"ஏய் நடுவரே! அவன் இல்ல! பன்னெண்டு! நான் பாத்தேன்! என் மவன் அடிக்கல!"

கோவில்பட்டித் தமிழ் நடுவருக்குப் புரிந்திருக்காது. முன் வரிசைக்காரர் திரும்பி என்னைப் பார்த்து மரியாதையாக நகர்ந்து உட்கார்ந்தார். ஆனால் கதிர் தலையைத் தூக்கினான். நான் நிற்கும் இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கையுறையைக் கழற்றாமல், ஒரு வார்த்தை பேசாமல், பெட்டிக்குள் போய் உட்கார்ந்தான். அன்றைக்கு உட்கார்ந்த மாதிரியேதான், முழங்கை இரண்டும் முழங்காலில்.

அந்த இரண்டு நிமிடத்தை எதிரணியால் பயன்படுத்த முடியவில்லை. ஒரு கோல் வித்தியாசத்தில் நாங்கள் ஜெயித்தோம்.

டின்னைத் திறந்தார்கள். ஞானத்தின் துண்டு: பதினேழு, ஹோல்டிங், மூன்றாம் பகுதி. தர்சினியின் துண்டு: பதினேழு, ரெஃப்ரியோடு வாய் காட்டுதல், முதல் பகுதி. கட்டின மனைவி இதை எழுதியிருக்கிறாள். சிவத்தின் துண்டிலும் பதினேழுதான். அடிபாடு, ஐந்து நிமிடம். சம்பந்தி கூரையைப் பார்த்துக்கொண்டார். என் துண்டில், பதினேழு போகமாட்டான் என்று எழுதியிருந்தது.

"ரீச்சர்தான் பின்னால" என்றார் ஞானம். "நம்பரும் பகுதியும் சரியாச் சொன்னது நான். முன் சீட் எனக்கு."

"குற்றம் பிழை. அவன் ஆரையும் பிடிக்கேல்ல. ஒருத்தரும் வெல்லேல்ல" என்றார் சிவம். அவர்கள் சண்டையை அவர்களிடமே விட்டுவிட்டு நான் கீழே இறங்கினேன்.

கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பெட்டிக்குப் பின்புறம் சின்னக் கதவு ஒன்று இருந்தது. பனிப்பக்கத்தில் கதிர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நின்றிருந்தான். நடுவில் கண்ணாடிப் பெட்டி.

"பத்துப் பேரைப் போட்டுப் புரட்டினியாமே. இன்னிக்கு ஏம்ல சண்டை போடல?"

"நீங்கதான் எனக்காக கத்துனீங்களே. அது போதும்னு இருந்துச்சு." பொய்ப்பல் தெரியச் சிரித்தான். "அந்த ஃபைனல்ல உங்களுக்குத் தெரியாமப் போச்சு. இன்னிக்கு கரெக்ட்டா பாத்துட்டீங்க."

விமானத்தில் சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது.

"அன்னிக்கும் பாத்தேன், கதிரு. ஒம்போதாம் நம்பர்னு நல்லாவே தெரியும். மவனுக்கு ஊதுறாள்னு சொல்லிருவாங்கன்னு பயந்து உனக்கு நீட்டினேன்."

அவன் சிரிப்பு நின்றது. மட்டையால் பனியை மெல்லக் கீறிக்கொண்டு நின்றான். அவன் திட்டினால் தேவலை என்று இருந்தது. தப்பு என்னுடையது என்று இன்னொரு தடவை சொன்னேன்.

"பதினஞ்சு வருஷமா" என்றான் கடைசியில்.  பிறகு பெட்டியின் பெஞ்சை மட்டையால் காட்டினான்.

"உக்காருங்க."

பின்கதவு வழியாகப் போய் உட்கார்ந்தேன். அவன் முன்கதவைச் சாத்தினான்.

"எத்தனை நிமிஷம்?" என்றேன்.

"நம்ம ஊர் ரூல் என்ன?"

"மஞ்சள் அட்டைக்கு அஞ்சு."

கையை நீட்டினான். கதவின் மேலாக என் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெஞ்சு பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. முட்டி வலித்தது. பனி தேய்க்கும் வண்டிக்காரர் வந்து ஏதோ கேட்டார். கதிர் இரண்டு விரலைக் காட்டினான். அவர் தலையசைத்துவிட்டு இன்ஜினை நிறுத்தினார். மேலிருந்து தர்சினி, "கதிர், வாட் ஆர் யூ டூயிங்? மாமிக்குக் குளிரும்!" என்று கத்தினாள். அவன் திரும்பவில்லை. ஒரு நொடிகூடக் குறைக்கவும் இல்லை. குறைத்திருந்தால் எனக்குப் பிடித்திருக்காது.

பிறகு கதவைத் திறந்தான். அவன் கண் சிவந்திருந்தது.

"முடிஞ்சதும்மா. வாங்க."

வாழ்க்கையில் முதன்முதலாகப் பனியில் கால் வைத்தேன். வைத்ததும் வழுக்கியது. அவன் இரண்டு கையாலும் என்னைப் பிடித்து நிறுத்தினான். நின்ற பிறகும் விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.

மேலே கண்ணாடியை யாரோ தடதடவென்று தட்டினார்கள். ஞானம்தான். டின்னைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

"பதினேழு! ஹோல்டிங்! ரெண்டு நிமிசம்! முன் சீட் எனக்கு!"